மடியும் முதுகும்

எங்கள் ஊரில் 'மங்கோல்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லிவிடுவோம். உப்பும் பாலும் இல்லாமல் தேநீர் கொடுத்தால் அது மங்கோல் தேநீர் இல்லை. பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் மதியம் ஒரு மணிக்கு ஆடி அசைந்து வந்தால் அது மங்கோல் நேரம். வழி தவறி வந்த அடுத்தவன் ஒட்டகத்துக்கு நாலு நாள் தண்ணீர் காட்டி, தேடி வந்தவனிடம் ஒப்படைத்தால் அவன் மங்கோல் மனுஷன். ஒப்படைக்காமல் கமுக்கமாக இருந்துவிட்டால், "நீயெல்லாம் மங்கோல் மனுஷன்தானா?" என்று கேட்போம். இதைவிடக் கேவலமான வசவு எங்களிடம் கிடையாது. என் மனைவி தூல்மா இந்த முப்பது வருஷத்தில் என்னைத் திட்டாத திட்டில்லை. ஆனால் இந்தக் கேள்வியை ஒரே ஒரு முறைதான் கேட்டாள். நியாயமாகத்தான் கேட்டாள்.

என் பெயர் கோம்போ. கோபிப் பாலைவனத்துப் போர்ஹாத் வட்டாரத்தில், நாதாம் என்ற கோடை விழாவில் இருபத்திரண்டு வருஷம் மல்லர்களுக்குப் பட்டம் கூவியவன். மூன்றாம் சுற்று தொடங்கும்போது மல்லன் வந்து என் தோளில் கை வைப்பான். அவன் தொப்பியை நான் கழற்றி வலக்கையில் ஏந்திக்கொள்வேன். பிறகு அவன் எந்த வட்டாரம், யார் வழி, என்ன பட்டம் என்று அடிவயிற்றிலிருந்து கூவுவேன். எதிரே இருக்கும் பழுப்புப் பாறை அதைத் திருப்பிச் சொல்லும். அதுவரை அவன் அரைச்சட்டை போட்ட ஒரு தடியன்தான். நான் கூவிய பிறகுதான் அவன் மல்லன். இந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் விழாவுக்கு ஐந்து நாள் முன்னால் ஒரு நிலக்கரி லாரி எங்கள் கூடாரத்துக்கு முன் வந்து நின்றது. ஓட்டுநர் தாம்பா எங்களுக்குப் பழக்கமானவன். எல்லை தாண்டிப் போய்வருகிறவன், ஊர்க்கதைகளையும் சேர்த்து ஏற்றிவருவான். அவனோடு ஆஜானுபாகுவான ஒரு வாலிபன் இறங்கினான். நீலப் பட்டுத்துணியில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"நாயைப் பிடிங்க!" என்று முறைப்படி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தான். எங்கள் நாய் கிழடு. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

உள்ளே வந்து என்னோடு மூக்குப்பொடிக் குப்பி மாற்றிக்கொண்டான். "கோடை நல்லா கழியுதா அண்ணே? மந்தை கொழுத்திருக்கா?"

தூல்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊரு தம்பி? வார்த்தையெல்லாம் சுத்தமா இருக்கு, ஆனா பழைய புஸ்தகத்தைத் திறந்த மாதிரி இருக்கு."

"ஓவோர் மங்கோல் அக்கா. பேரு நஸுன்."

ஓவோர் என்றால் எங்கள் பேச்சில் மடி. மலையின் தெற்குச் சரிவுக்கும் அதுதான் பெயர். எல்லைக்குத் தெற்கே, சீனாவில் இருக்கும் மங்கோலியர்களை அப்படித்தான் சொல்வோம். அவர்கள் எங்களை 'ஆர் மங்கோல்' என்பார்கள். ஆர் என்றால் முதுகு.

"இவரு மடி, நாம முதுகு" என்றான் தாம்பா, தேநீருக்குக் கை நீட்டியபடி.

"ஒரே உடம்புதானேண்ணே" என்று நஸுன் சிரித்தான். "ஆனா ஒரு கஷ்டம். மடியால முதுகைப் பாக்க முடியாது, முதுகால மடியைப் பாக்க முடியாது."

"நடுவுல வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல, முதல்ல சாப்பிடு" என்று தூல்மா கறிக்கிண்ணத்தை அவன் முன்னால் நகர்த்தினாள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னான். "பள்ளிக்கூடத்துல எங்க பேரை 'மெங்கு'ன்னு சீன எழுத்துல எழுதுவாங்கண்ணே. அதுல முதல் எழுத்துக்கு 'மூடிக்கிடக்கிறது', 'விவரம் இல்லாதது'ன்னும் அர்த்தம் வரும். பின்பெஞ்சுப் பசங்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. சரி, அது அவங்க ஊரு. இங்க வந்தா, நேத்து டீசல் போட்ட இடத்துல ஒருத்தன் என்னைப் பாத்து 'ஏய் சீனா, லாரியை எடு'ன்றான். அப்ப நான் எங்கதாண்ணே மங்கோல்?"

"ரெண்டு வேலிக்கும் நடுவுல இருநூறு அடி சும்மா கிடக்குதே, அங்க" என்றான் தாம்பா. "அங்க உன்னை யாரும் எதுவும் கேக்க மாட்டான்."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

பிறகு அவன் நீலத்துணியைப் பிரித்தான். உள்ளே ஒரு மல்லனின் தொப்பி. நாலு பக்கம் மடிப்பும் கூம்பு உச்சியும் கொண்ட பழைய காலத்துத் தொப்பி. பட்டு நைந்து, உச்சியில் இருந்த சிவப்பு முடிச்சு வெளுத்துப்போயிருந்தது. அது அவன் கொள்ளுத்தாத்தா சாம்பூவுடையதாம். போர்ஹாத்தின் சிங்கம் என்று பட்டம் வாங்கியவராம். எங்கள் அரசாங்கம் ஆள்பிடிக்கப் பெயர்ப்பட்டியல் போட்ட வருஷம் அவர் ஊரைவிட்டுப் போனார். லாமா, மல்லன், நாலு எழுத்துத் தெரிந்தவன் என்று பட்டியலில் இருந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. சாம்பூ குடும்பத்தை ஒட்டகங்களில் ஏற்றிக்கொண்டு தெற்கே எல்லை தாண்டிவிட்டார். அப்போது அவர் மகன் ஒச்சிருக்குப் பதினோரு வயது.

"அந்த ஒச்சிர்தான் எங்க தாத்தா. எண்பத்து மூணு வயசாச்சு. படுத்த படுக்கை, கண்ணும் போயிடுச்சு. காது மட்டும் பாம்புக் காது" என்றான் நஸுன். "அவருக்கு ஒரே ஒரு ஆசைண்ணே. எங்க ரத்தத்துல ஒருத்தன் போர்ஹாத் மைதானத்துல நிக்கணும். அந்த ஊரு பேரோட சேர்த்து அவன் பேரைக் கூவணும். அதை அவர் காதால கேக்கணும். இதுல பதிஞ்சு எடுத்துட்டுப் போறேன்." சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினான். "நான் ஜெயிக்கணும்னு இல்ல. மூணாவது சுத்து வரைக்கும் போனா போதும். நீங்க கூவுவீங்கல்ல?"

சாம்பூ சிங்கத்தை எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு பேச்சு. ஆனால் தெரியும். மேற்கே ஊற்றுக்கு அருகில் கரியேறிய மூன்று அடுப்புக்கற்கள் கிடக்கின்றன. 'சாம்பூ சிங்கத்தின் அடுப்பு' என்று என் அம்மா அதற்குப் பெயர் சொல்லுவாள். ஒரு வெள்ளை ஒட்டகம் மட்டும் கட்டு அறுத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்த இடத்திலேயே நின்று கத்தியதாம். நாங்கள் ஆடு மேய்க்கும்போது அந்தக் கற்களைத் தாண்ட மாட்டோம். மறுநாள் அவனை அங்கே கூட்டிப்போனேன். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, "ஊத்துக்கு இடது கைப்பக்கம், குதிரைத்தலை மாதிரி ஒரு பாறை இருக்கும்னு தாத்தா சொல்வாரு" என்றான். பாறை அங்கேதான் இருந்தது. அவன் கற்களின் மேல் பால் தெளித்தான். வெகுநேரம் குந்தியிருந்தான்.

எனக்கு மனசு பொங்கிவிட்டது. அவன் தோளைத் தட்டி வாக்குக் கொடுத்தேன். "'கோபியின் போர்ஹாத் வட்டாரத்து, சாம்பூ சிங்கத்தின் கொள்ளுப்பேரன் நஸுன்!' இப்படித்தான் கூவுவேன். உங்க தாத்தா காதுக்கு போனே வேண்டாம்டா, நேராவே கேக்கும்."

அந்த ஐந்து நாளும் அவன் எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தான். தண்ணீர் இறைத்தான், கூடாரத்தின் கிழிந்த கம்பளித்துணியைத் தைத்தான். அவர்கள் பக்கத்து மல்யுத்தத்தில் எதிராளியின் காலைக் கையால் தொடக்கூடாது. இங்கே காலைப் பிடித்து வாருவதுதான் பாதி வித்தை. "நீங்க மல்யுத்தம் செய்றீங்களா, சம்பந்தியைக் கட்டிப்பிடிக்கிறீங்களா?" என்று தூல்மா அவனைச் சீண்டுவாள். அவன் அவளுக்கு அக்கா அக்கா என்று சேவகம் செய்தான்.

விழாவன்று காலையில் முப்பத்திரண்டு மல்லர்கள். முதல் இரண்டு சுற்றில் நஸுன் இரண்டு பேரைச் சாய்த்தான். காலைத் தொடாமலே சாய்த்தான். அவன் ஜெயித்தபோது கூட்டத்தில் சத்தமே இல்லை. கறி அடைத்த ஹூஷூர் அப்பம் பொரிக்கும் எண்ணெய்ச் சத்தம்தான் கேட்டது.

மூன்றாம் சுற்றுக்கு முன் வட்டாரத் தலைவர் ஜிக்ஜித் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கையில் கடித்த ஹூஷூர்.

"கோம்போ அண்ணே, அந்த சீனப் பையனை எப்படிக் கூவப் போறீங்க?"

"சீனன் இல்ல. சாம்பூ சிங்கத்தோட வழி. அடுப்புக்கல்லு இன்னும் கிடக்கு."

"எனக்கும் தெரியும். யாருக்குத் தெரியாது?" வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஜனம் சீனாவுக்குக் கரி கொண்டுபோற லாரித் தூசியில வெந்துபோய்க் கிடக்கு. புல்லு மேல கரி, ஆட்டு நுரையீரல்ல கரி. இன்னிக்கு நீங்க மைக்கில அவனை நம்ம ஊர்க்காரன்னு சொன்னா, நாளைக்கு மேய்ச்சல் நிலம் கேட்டு வந்து நிப்பான். அப்ப என்னைக் கேக்க மாட்டாங்க. உங்களைத்தான் கேப்பாங்க."

நான் மைதானத்தில் நின்ற நஸுனைப் பார்த்தேன்.

"விருந்தாளின்னு சொல்லுங்க அண்ணே. அதுவும் மரியாதைதானே" என்று சிரித்துவிட்டு, மிச்ச ஹூஷூரை வாயில் போட்டுக்கொண்டார்.

நஸுனின் எதிராளி ஜிக்ஜித்தின் மச்சான் புரேவ். புரேவை இன்னொரு கூவுகிறவர் கூவி முடித்தார். ஊரே கை தட்டியது. நஸுன் வந்து என் இடது தோளில் கை வைத்தான். கனமான, சூடான கை. கொள்ளுத்தாத்தாவின் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்து வலக்கையில் ஏந்தினேன். மைதானக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தூல்மா அவன் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தொடங்குங்கள் என்று தலையை ஆட்டினாள்.

அப்போது கூட்டத்தில் யாரோ ஒருவன் சீனர்களைத் திட்டும் அந்தச் சொல்லைக் கத்தினான். அதை இங்கே எழுத மாட்டேன். பத்துப் பேர் சிரித்தார்கள்.

"இடது அணியின் நெற்றியிலே," என்று வழக்கமான அடியோடு தொடங்கினேன். குரல் நன்றாகத்தான் எழுந்தது. "கோபியின்..."

அங்கே நின்றுவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்களையெல்லாம் எனக்குத் தெரியும். இவர்களோடுதான் கிணற்றில் தண்ணீர் பங்கிட வேண்டும், இவர்கள்தான் நாளைக்கு என்னைப் புதைக்க வேண்டும் என்று என்னவெல்லாமோ ஓடியது. இருபத்திரண்டு வருஷமாக என் குரலுக்குத் தலையாட்டிய கூட்டம், முதல்முறையாக நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது.

"...எல்லைக்கு அப்பாலிருந்து வந்த, ஓவோர் மங்கோலின் விருந்தாளி மல்லன், நஸுன்!"

மரியாதைக்குக் கொஞ்சம் கை தட்டினார்கள். என் தோளில் இருந்த கையின் கனம் குறைந்தது. எடுக்கவில்லை, விரல்கள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. பாறை என் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொன்னது. அதற்கு வெட்கம் கிடையாது.

நஸுன் புரேவைப் பிடித்த பிடியில் கோபம் இல்லை. இரண்டு நிமிஷம் சுற்றிவந்தான், பிறகு பூப்போல் இடுப்பில் ஏற்றிக் கீழே வைத்தான். தோற்றவன் செய்ய வேண்டிய முறைப்படி புரேவ் அவன் கைக்கு அடியில் குனிந்து போனான். வென்றவன் என்னிடம் வந்து தொப்பி போட்டுக்கொண்டு, கொடியைச் சுற்றிக் கழுகுபோல் கை விரித்து ஆட வேண்டும். நான் தொப்பியை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் போய், வெறும் தலையோடு கொடியைச் சுற்றி ஆடினான். தொப்பியில்லாமல் கழுகாடிய மல்லனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆடி முடித்துத் தூல்மாவிடமிருந்து செல்போனை வாங்கிக்கொண்டு லாரிகள் நிற்கும் பக்கம் நடந்தான். நாலாம் சுற்றுக்கு அவன் வரவில்லை.

தூல்மா என் முன்னால் வந்து நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"நீங்க மங்கோல் மனுஷன்தானா?" என்று கேட்டாள்.

"ஓவோர்னா மடிதானேடி. மரியாதையாத்தானே சொன்னேன்" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் போய்விட்டாள்.

தொப்பியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஓட்டம். தாம்பா சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நஸுன் உடை மாற்றிவிட்டு, முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, இறங்கு. போனை எடு. ஊத்துக்குப் போவோம், அடுப்புக்கல்லு பக்கத்துல நின்னு முழுசா கூவுறேன். தாத்தாவுக்கு என்ன தெரியப் போகுது, மைதானமா ஊத்தான்னு."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினான். "ஆள் இல்லாத இடத்துல கூவினா அது பட்டம் இல்லண்ணே. ரகசியம். ரகசியம் எங்க வீட்டுல எழுபது வருஷமா நிறைய இருக்கு."

"அப்ப தாத்தாகிட்ட என்ன சொல்வே?"

"போன்ல பதியலன்னு சொல்லிடுறேன்."

நான் தொப்பியை நீட்டினேன். ஒருவன் தொப்பியை இன்னொருவன் வைத்துக்கொள்வது எங்களுக்கு ஆகாது. அவன் அதைப் பார்த்தான், தொடவில்லை. "இது போர்ஹாத் தொப்பிண்ணே. அது வீட்டுக்கு வந்து சேந்துடுச்சு. நான்தான் வரல. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான். தாம்பா வண்டியைக் கிளப்பினான்.

அன்றிலிருந்து அந்தத் தொப்பி எங்கள் கூடாரத்தின் வடக்குப் பக்கத்தில், பெட்டியின் மேல், சாமிக்கு அருகில் இருக்கிறது. தினமும் காலையில் எழுந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பேன். வந்துபோகிறவர்கள் யாருடையது என்று கேட்பார்கள். தூல்மா என்னைப் பார்ப்பாள். நான் தேநீரைப் பற்றிப் பேசுவேன்.

ஒரு வருஷம் இப்படிக் கழிந்தது. அடுத்த நாதாமில் மூன்றாம் சுற்றுக்கு முதல் ஜோடி வருவதற்கு முன்பே நான் தனியாக மைதானத்துக்குள் நடந்தேன். வலக்கையில் அந்தத் தொப்பி. இடது தோளில் யார் கையும் இல்லை. ஜிக்ஜித்துக்குப் புரிந்துவிட்டது. மைக்கை அணைக்கச் சொன்னார். என் தொண்டைக்கு மைக் எதற்கு?

"இடது அணியின் நெற்றியிலே! கோபியின் போர்ஹாத் வட்டாரத்து, சாம்பூ சிங்கத்தின் கொள்ளுப்பேரன், ஒச்சிரின் பேரன், நம்ம ஊர் மல்லன், மங்கோல் மனுஷன் நஸுன்!"

சிலர் சிரித்தார்கள். கிழவன் குடித்திருக்கிறான் என்று ஒரு குரல் கேட்டது. நிறையப் பேர் சிரிக்கவில்லை. பாறை முழுசாகத் திருப்பிச் சொன்னது. தூல்மா கோட்டருகில் நின்று தன் செல்போனில் பதிந்தாள். அந்த வருஷத்தோடு கூவுகிற வேலை என்னை விட்டுப் போனது. பதிந்ததை ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டு, துணியில் முடிந்து, தாம்பாவிடம் கொடுத்தனுப்பினோம். கிழவர் காதுக்கு நேராக வைத்துப் போடச் சொல் என்று மூன்று தடவை சொன்னேன்.

பதினோரு நாள் கழித்துத் தாம்பா வந்தான். தூல்மா கொடுத்த தேநீரை உடனே குடிக்கவில்லை.

"கிழவர் பனிக்காலத்துலயே போயிட்டாருண்ணே. புதுவருஷம் பொறக்க ரெண்டு நாள் இருந்துச்சாம்."

"அப்ப கேக்கவே இல்ல."

"இதைக் கேக்கல. பழசைக் கேட்டிருக்காரு." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "பதியலன்னு நஸுன் சொன்னதை அவர் நம்பலையாம். இவன் இல்லாதப்ப பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு, போனை அமுக்குன்னு சொல்லிக் கேட்டுட்டாராம். அப்புறம் சாகுற வரைக்கும் தினம் அதேதானாம். அதுல நீங்க 'கோபியின்'னு சொல்லிட்டு நிறுத்துவீங்கல்ல?"

"ஆமா."

"அந்த இடம் வந்ததும் விரலைத் தூக்குவாராம். 'இங்க பாரு, போர்ஹாத்னு சொல்ல வாயெடுத்துட்டான். பயந்துட்டான் பாவம். எங்கப்பா எங்களை ஒட்டகத்துல ஏத்தினப்போ அவர் குரலும் இப்படித்தான் அடைச்சுக்கிச்சு. அவனை எதுவும் சொல்லாத, நம்ம ஊர்க்காரன்'னு சொல்வாராம். நஸுன் உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

தாம்பா தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். தூல்மா எழுந்து போய்ப் பெட்டியின் மேலிருந்த தொப்பியை எடுத்து, முந்திய நாள் காற்றில் படிந்த தூசியைத் தட்டி, திரும்ப அங்கேயே வைத்தாள். பிறகு அடுப்பில் சாணவறட்டியைப் போட்டு, எனக்கு இன்னொரு கிண்ணம் தேநீர் ஊற்றித் தந்தாள். அன்றைக்கு அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.